78 வயதில் இடுப்பு எலும்பு முறிவு: கட்டுப் போட்டால் போதுமா?

பென்னாகரத்தில் பாட்டி வாசல்படியில் வழுக்கி விழுந்துவிட்டார், புத்தூர் கட்டுப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அடிபட்ட கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு மூட்டில் சேரும் தொடை எலும்பின் மேல்முனை முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த இடத்தில் எந்தக் கட்டும் பிடித்து நிற்காது. தொடைத் தசைகள் எலும்பை இழுத்து விலக்கிக்கொண்டே இருக்கும். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தால், அந்த எலும்பின் பந்து போன்ற உச்சிக்கு ரத்தம் போவதும் நின்றுவிடலாம். அதனால்தான் பல நேரம் பந்தையே மாற்றுகிறார்கள். சற்றுக் கீழே முறிந்தால் உள்ளே கம்பி வைப்பார்கள்.

“இந்த வயசுல கத்தி வைக்கணுமா?” என்பார்கள் சொந்தக்காரர்கள். படுக்கையிலேயே போட்டு வைப்பதுதான் பெரிய ஆபத்து: படுக்கைப்புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டி. முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் நடப்பது நல்லது. பெரும்பாலும் மறுநாளே வாக்கர் பிடித்து நிற்க வைப்பார்கள்.

நடக்க வைத்துப் பார்க்காமல் 108-ஐக் கூப்பிட்டு தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், வீடு திரும்புமுன் எலும்பு மெலிவுக்கான மருந்தைப் பற்றிக் கேளுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.