யாரைத் தெரியும், யாரை நம்பலாம்: மாஸ்கோ முதல் பிராக் வரை – கேள்வி பதில்

கம்யூனிச ஆட்சி முடிந்த நாடுகளில் மக்கள் ஒருவரை ஒருவர் எந்த அளவுக்கு நம்புகிறார்கள், அங்கே பிழைக்கப் போனவர்கள் யாரைப் பிடித்து வேலையும் ஆவணமும் வாங்குகிறார்கள் என்று உறுப்பினர்கள் கேட்டிருந்தார்கள். இந்தத் துறையில் ஆய்வு செய்துவரும் உறுப்பினர் பதில் சொல்கிறார்.

தோழர், வேலை, வீடு, மருத்துவம் எல்லாவற்றையும் அரசே கொடுத்த சமூகத்தில் மக்களிடையே நம்பிக்கை கூடியிருக்க வேண்டும் அல்லவா? அங்கே நம்பிக்கை குறைவு என்று ஏன் சொல்கிறார்கள்?

நம்பிக்கை நிறையவே இருந்தது தோழர். ஆனால் தெரிந்த முகங்களைத் தாண்டிப் போகவில்லை. சோவியத் கடையில் இறைச்சி விலை குறைவு, ஆனால் கடையில் இறைச்சி இருக்காது. இறைச்சிக் கடைக்காரர் நல்ல துண்டைத் தனியே எடுத்து வைப்பார், அது மருத்துவர் வீட்டுக்குப் போகும். மருத்துவர் அந்தக் கடைக்காரரின் தாயாரை வரிசையில் நிற்க விடாமல் பார்த்து அனுப்புவார். பணம் கைமாறாது, யாரும் கணக்கு எழுத மாட்டார்கள், யாரும் மறக்கவும் மாட்டார்கள். ரஷ்யர்கள் இதை 'பிளாத்' என்பார்கள். லஞ்சம் கொடுத்தால் அந்த நிமிடமே கணக்குத் தீர்ந்துவிடும். பிளாத்தில் கணக்கு தீரவே கூடாது, அடுத்த தேவைக்கு அந்தக் கடன்பாடுதான் மூலதனம்.

முகம் தெரியாதவரை நம்புவது ஆபத்தாகவும் இருந்தது. 1989-ல் கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறையான ஸ்டாசியில் சுமார் 91,000 முழுநேர ஊழியர்கள். அதுபோக அக்கம்பக்கத்திலும் அலுவலகத்திலும் இருந்துகொண்டு தகவல் கொடுத்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். மொத்த மக்கள்தொகையோ ஒன்றரைக் கோடிக்குச் சற்று அதிகம். உளவாளிகள் அடர்த்தியாக இருந்த மாவட்டங்களில் பிற்காலத்திலும் நம்பிக்கை குறைவாகவே இருப்பதைப் பொருளியல் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

பிறகு 1990-கள் வந்தன. 1992 ஜனவரி 2 அன்று ரஷ்யாவில் விலைக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். அந்த ஒரே ஆண்டில் விலைவாசி இருபத்தைந்து மடங்குக்கு மேல் ஏறியது, ஆயுள் முழுக்கச் சேமித்த பணம் கரைந்தது. 1994-ல் எம்எம்எம் என்ற மோசடி நிதித் திட்டம் கவிழ்ந்தது. 1997-ல் இதே மாதிரித் திட்டங்கள் அல்பேனியாவில் விழுந்தபோது அரசே நிலைகுலைந்தது. வங்கியையும் அரசையும் நம்பியவர்கள் ஏமாந்தார்கள். மைத்துனரையும் பள்ளித் தோழனையும் நம்பியவர்கள் பிழைத்தார்கள். அந்தப் பாடம் எளிதில் அழியாது.

மேடம், நான் சமூகவியல் முதுகலை மாணவி. நம்பிக்கையை எப்படி அளக்கிறார்கள்? ஒரே கேள்வி போதுமா?

போதாது. பல நாடுகளில் நடத்தும் உலக விழுமியங்கள் ஆய்வில் (World Values Survey) பழைய கேள்வி ஒன்று உண்டு: பெரும்பாலானோரை நம்பலாமா, அல்லது பழகும்போது கவனமாக இருக்க வேண்டுமா? டென்மார்க், நார்வே, ஸ்வீடனில் 60 சதவீதத்துக்கு மேல் 'நம்பலாம்' என்பார்கள். ருமேனியாவிலும் அல்பேனியாவிலும் அப்படிச் சொல்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் 'பெரும்பாலானோர்' என்று கேட்டதும் ஒருவருக்குத் தன் தெருக்காரர்கள் நினைவுக்கு வருவார்கள், இன்னொருவருக்கு நாடு முழுவதும். அதனால் இரண்டு எண்களை நேராக ஒப்பிட்டால் தப்பாகப் போய்விடும்.

அதே ஆய்வில் ஆறு பகுதிக் கேள்வி ஒன்று இருக்கிறது. குடும்பத்தார், அக்கம்பக்கத்தார், நேரில் பழகியவர், முதல்முறை சந்திப்பவர், வேற்று மதத்தவர், வேற்று நாட்டவர் என்று ஒவ்வொருவரையும் எவ்வளவு நம்புகிறீர்கள் என்று நான்கு நிலைகளில் பதில் வாங்குவார்கள். முதல் மூன்றின் சராசரியையும் கடைசி மூன்றின் சராசரியையும் தனித்தனியே எடுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் உங்களுக்கு வேண்டியது. சீனாவில் பழைய கேள்விக்கு வரும் பதிலை வைத்து அது உயர்ந்த நம்பிக்கையுள்ள சமூகம் என்று முடிவு கட்டுபவர்கள், இந்த இடைவெளியைப் பார்த்ததும் தயங்குவார்கள்.

தாஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தானில் இருந்து ரஷ்யாவுக்குப் போக விசா தேவையில்லை என்கிறார்கள். பிறகு ஏன் இத்தனை பேர் சட்டவிரோதமாக இருக்கிறார்கள்?

நாட்டுக்குள் நுழைவது சுலபம், வேலை செய்வதுதான் கடினம். 2015 ஜனவரி முதல் இந்த இரு நாட்டவருக்கும் 'பாடென்ட்' என்ற வேலை அனுமதி அட்டை கட்டாயம். நுழையும்போது நிரப்பும் குடியேற்றச் சீட்டில் வந்த நோக்கம் 'வேலை' என்று இருக்க வேண்டும். அவசரத்தில் 'தனிப்பட்ட பயணம்' என்று குறித்துவிட்டால் எல்லையைத் தாண்டித் திரும்பி வந்தாக வேண்டும். அங்கிருந்து 30 நாள் கெடு. அதற்குள் நோட்டரி சான்றளித்த பாஸ்போர்ட் மொழிபெயர்ப்பு, காசநோய், ஹெச்ஐவி உள்ளிட்ட மருத்துவச் சோதனை, ரஷ்ய மொழி, வரலாறு, சட்டம் பற்றிய தேர்வு, கைரேகை, மருத்துவக் காப்பீடு, தங்குமிடப் பதிவு எல்லாம் முடிய வேண்டும்.

அட்டை கையில் வந்த பிறகும் மாதாமாதம் வருமான வரியை முன்பணமாகக் கட்ட வேண்டும். மாஸ்கோவில் 2015-ல் அது 4,000 ரூபிள், 2024-ல் 7,500, 2025-ல் 8,900. கட்டிய காலம் முடிந்த மறுநாளே அட்டை செல்லாது, சலுகை நாள் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் பலரும் அட்டையோடு கடைசி மாதங்களின் ரசீதுகளையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்கள். போலீஸ்காரர் அட்டையைவிட ரசீதைத்தான் உற்றுப் பார்ப்பார்.

தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. அட்டை ஒரு பிராந்தியத்துக்குள் மட்டுமே செல்லும். மாஸ்கோ நகரமும் அதைச் சுற்றியுள்ள மாஸ்கோ மாகாணமும் சட்டப்படி இரு பிராந்தியங்கள். நகர அட்டை வைத்திருப்பவரை மேஸ்திரி புறநகரில் ஒரு கட்டடத்துக்குக் கூட்டிப் போனால், அன்று அவர் செய்வது சட்டமீறல். இரண்டாவது, தங்குமிடப் பதிவு. வீட்டுக்காரர் வாடகையை வாங்கிக்கொள்வார், வரித்துறைக்கும் போலீசுக்கும் பயந்து பதிவுக்கு மட்டும் சம்மதிக்க மாட்டார். ஆகவே ஆள் தங்காத முகவரியைத் தரகரிடம் விலைக்கு வாங்குகிறார்கள். ஒரே வீட்டில் நூற்றுக்கணக்கானோர் பதிவாகும் இந்த 'ரப்பர் வீடு'களை 2013 டிசம்பரில் குற்றவியல் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள், மூன்று ஆண்டு வரை சிறை. தேவை அப்படியே இருந்ததால் தரகரின் விலைதான் ஏறியது.

கிர்கிஸ்தான்காரர்களுக்கு 2015 ஆகஸ்டில் அந்த நாடு யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தில் சேர்ந்ததிலிருந்து இந்த அட்டை தேவையில்லை. ஆனால் முகவரிச் சிக்கல் அவர்களுக்கும் உண்டு.

கட்டட வேலையில் கூலி தராமல் ஏமாற்றுவது சகஜம் என்கிறார்கள். ஏமாற்றும் மேஸ்திரியிடமே மறுபடி ஏன் போகிறார்கள்?

மேஸ்திரி பெரும்பாலும் அதே ஊர்க்காரர் என்பதால். சங்கிலியைப் பாருங்கள்: கட்டட உரிமையாளர், முதன்மை ஒப்பந்தக்காரர், துணை ஒப்பந்தக்காரர், தளப் பொறுப்பாளர், மேஸ்திரி, அவருக்குக் கீழே பத்துப் பதினைந்து ஆட்கள். ஒப்பந்தக் காகிதம் மேல் இரண்டு கண்ணிகளோடு முடிந்துவிடும், அதற்குக் கீழே எல்லாமே வாய்ச்சொல். சாப்பாட்டுக்கு மட்டும் முன்பணம், மீதி ஒரு கட்ட வேலை முடிந்ததும். மேலே யாராவது பணத்தை நிறுத்தினால் மேஸ்திரி கையில் ஒன்றும் இருக்காது, அவர் கைப்பேசியை அணைத்துவிடுவார். அவர் திருடினாரா, அவரும் ஏமாந்தாரா என்று ஆட்களுக்குத் தெரியவே தெரியாது.

ஆனாலும் முகம் தெரியாத நிறுவனத்தைவிட அவர் மேல். அவருடைய அப்பா ஊரில் இருக்கிறார், அதே மசூதிக்குத் தொழப் போகிறார். கூலி வராத ஆட்களின் குடும்பங்கள் அந்த வீட்டுக்குப் போய் உட்காரும். மாஸ்கோவில் நடக்காத வழக்கு உஸ்பெகிஸ்தானின் ஃபெர்கானாவில் ஒரு வீட்டு முற்றத்தில் நடக்கிறது. பணம் முழுதாக வராவிட்டாலும் பாதி வரும்.

சட்ட வழியும் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், முதலாளி அறிந்தே ஒருவர் வேலையில் இறங்கிவிட்டால் ரஷ்யத் தொழிலாளர் சட்டப்படி அது வேலை உறவுதான். கூலி பாக்கிக்கு வழக்குப் போட ஓராண்டு அவகாசம். நிரூபிக்க வேண்டிய பொறுப்புதான் ஆளை முடக்குகிறது. அதனால் தொழிலாளர் உரிமைக்காரர்கள் சொல்லிக்கொடுப்பது இதுதான்: தளத்துக்குள் போகும் அனுமதிச் சீட்டைப் படம் எடுத்து வைக்க வேண்டும், வருகைக் குறிப்பேட்டின் பக்கத்தையும். கூலி பற்றிய பேச்சைக் குரலாக விடாமல் ஒரு குறுஞ்செய்தியாகவாவது எழுதி வாங்க வேண்டும். கூட வேலை செய்தவர்களின் எண்கள் இருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சேர்த்தால்தான் இவை கிடைக்கும். தகராறு வந்த பிறகு காவலாளி உள்ளேயே விட மாட்டார்.

அக்கா, நம்ம ஊர்ச் சீட்டு மாதிரி அங்கே ஏதாவது உண்டா?

உண்டு தம்பி, அச்சு அசல் அதேதான். கிர்கிஸ்காரர்கள் 'கறுப்புக் கல்லா' என்ற பொருளில் 'சோர்னயா காசா' என்பார்கள். பத்துப் பேர், மாதம் 10,000 ரூபிள், முறை வந்தவருக்கு ஒரு லட்சம். உஸ்பெக்குகளின் 'காப்' கூட்டத்திலும் இப்படிப் பணம் சுற்றுவது உண்டு. அதில் சாப்பாடும் பேச்சும் சேர்ந்தே இருக்கும். பெரும்பாலும் குலுக்கலோ பேசிவைத்த வரிசையோதான், தள்ளுபடி இல்லை. பிராகில் இருக்கும் வியட்நாமியர்களின் சீட்டு நம் ஏலச் சீட்டுக்கு நெருக்கம். அவசரக்காரர் தள்ளிக் கேட்டு எடுப்பார், பொறுத்திருப்பவருக்கு அந்தத் தள்ளுபடி லாபம்.

நம்மூரில் 1982-ம் ஆண்டின் சிட் ஃபண்ட்ஸ் சட்டமும் பதிவாளரும் இருக்கிறார்கள். அங்கே மாட்டிக்கொண்டால் புகார் கொடுக்க இடமில்லை. முன்கூட்டியே எடுத்தவர் ஊருக்குப் போய்த் திரும்பும்போது அவருக்கு நுழைவுத் தடை இருப்பது எல்லையில்தான் தெரியவரும். அவருக்கு ஏமாற்றும் எண்ணமே இருக்காது, ஆனாலும் சீட்டு உடையும். அதனால் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே ஊர்க்காரர்கள் என்று ஊரில் குடும்பம் தெரிந்தவர்களையே சேர்க்கிறார்கள். வங்கியில் கடன் கிடைக்காத ஆட்கள் ஒருவருக்கொருவர் வட்டியில்லாமல் லட்ச ரூபிள் கொடுத்துக்கொள்வதைச் சிறிய விஷயமாக நினைக்காதே தம்பி.

பிராகில் வியட்நாமியர் இத்தனை பேர் எப்படி? சாபா சந்தையைப் பற்றியும் சொல்லுங்கள்.

1956-ல் நூறு வியட்நாமியக் குழந்தைகள் செக்கோஸ்லோவாகியாவின் ஹ்ராஸ்தவா என்ற சிற்றூருக்கு வந்தார்கள். 1970-கள், 80-களில் அரசுகளுக்கிடையே ஒப்பந்தம் போட்டு ஆயிரக்கணக்கில் தொழிலாளர்களும் பயிற்சியாளர்களும் வந்தார்கள். 1989-க்குப் பிறகு ஒப்பந்தங்கள் முடிந்தன. ஊருக்குத் திரும்பாமல் தங்க எளிய வழி கடை உரிமம் எடுப்பது. அதனால் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஜெர்மன் எல்லையோரம் ஹெப் போன்ற ஊர்களில் துணியும் சிகரெட்டும் விற்கும் வியாபாரிகள் ஆனார்கள். இன்று உக்ரேனியர், ஸ்லோவாக்கியருக்கு அடுத்த பெரிய வெளிநாட்டுச் சமூகம் அவர்கள்தான்.

சாபா, பிராகின் தெற்கு விளிம்பில் பழைய இறைச்சி ஆலை வளாகத்தில் 1999-ல் தொடங்கிய மொத்த விற்பனைச் சந்தை. வட வியட்நாமின் மலையூர் ஒன்றின் பெயர். கீரைக்கட்டு, மீன், மூட்டை மூட்டையாக உள்ளாடை, நூடுல்ஸ் சூப் கடை, முடிவெட்டும் கடை, புத்தர் கோயில் எல்லாம் உண்டு. ஆனால் அந்தச் சந்தையைத் தாங்கி நிற்பது, கடைகளுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்ன 'சேவை' அலுவலகங்கள். விசா நீட்டிப்பு, வரிக் கணக்கு, காப்பீடு, பள்ளிச் சேர்க்கை, மருத்துவரிடம் மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் அங்கே செய்து கொடுப்பார்கள்.

இதில்தான் வரமும் சிக்கலும். பகலெல்லாம் கடையில் நிற்பவருக்குச் செக் மொழி படிக்க நேரமில்லை, சேவைக்காரர் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. அதே காரணத்தால் பத்து ஆண்டு ஆனாலும் மொழி வராது. சேவைக்காரர் கெடுவைத் தவறவிட்டால் பாதிக்கப்படுபவர் வாடிக்கையாளர். கடை உரிமத்தில் இருப்பவர், நிரந்தர வசிப்புரிமை வரும்வரை பொதுக் காப்பீட்டில் சேர முடியாது, தனியார் காப்பீடுதான். முன்பெல்லாம் மலிவான திட்டம் ஒன்றை விற்றுவிடுவார்கள். பிரசவத்துக்கோ குறைமாதக் குழந்தைக்கோ அது செல்லாது என்பது மருத்துவமனை பில் வந்த பிறகுதான் பலருக்குப் புரிந்தது.

2008 நெருக்கடியில் இதன் மோசமான முகம் தெரிந்தது. ஆட்சேர்ப்பு முகவருக்குப் பல ஆயிரம் டாலர் கடன் வாங்கிக் கொடுத்துத் தொழிற்சாலைகளுக்கு வந்தவர்கள் வேலையிழந்தார்கள். 2009 பிப்ரவரியில் செக் அரசு விமானச் சீட்டும் 500 யூரோவும் கொடுத்து ஊருக்கு அனுப்பும் திட்டம் தொடங்கியது. ஏற்றுக்கொண்டவர்களில் மங்கோலியர்களே அதிகம், வியட்நாமியர் குறைவு. வீட்டையோ நிலத்தையோ அடகு வைத்து வந்தவருக்கு 500 யூரோ எந்த மூலைக்கு?

அப்படியானால் அவர்கள் செக் மக்களோடு ஒட்டவே இல்லையா?

ஒட்டினார்கள், பெரும்பாலும் குழந்தைகள் வழியாக. பெற்றோர் இரவு வரை கடையில் நின்றதால், ஓய்வுபெற்ற செக் பெண்மணிகளை அமர்த்திக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பணத்துக்குத் தொடங்கிய உறவு பல வீடுகளில் உண்மையான பாட்டி உறவாக வளர்ந்தது. குழந்தைகள் 'பாபிச்கா' என்றே அழைத்தார்கள், வீட்டுப்பாடமும் செக் சமையலும் அவரிடமே கற்றார்கள். ஒரு தலைமுறைக்குள் மொழி வந்தது இந்த வழியில்தான். 2013-ல் வியட்நாமியருக்கு அதிகாரபூர்வச் சிறுபான்மை இடம் கிடைத்தது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது வியட்நாமியர்கள் முகக்கவசம் தைத்துக் கொடுத்தார்கள், கடைகளில் மருத்துவப் பணியாளர்களுக்கும் போலீசாருக்கும் இலவசமாகக் காபி கொடுத்தார்கள்.

தரகர்களை ஒழிக்க அரசு என்ன செய்ய வேண்டும்?

தரகரை விட்டுவிட்டு ஆவணத்தைச் சரிசெய்ய வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. 2007 ஜனவரியில் ரஷ்யா தங்குமிடப் பதிவை வெறும் அறிவிப்பாக மாற்றியது, அஞ்சலகத்தில் படிவம் கொடுத்தாலே போதும். சட்டப்படி பதிந்தவர்கள் பெருகினார்கள், தரகருக்கு வேலை குறைந்தது. பிறகு ஒவ்வொரு திருத்தத்திலும் ஒரு சான்றிதழும் ஒரு கெடுவும் கூடின. 2024 மார்ச்சில் மாஸ்கோ அருகே குரோக்கஸ் இசையரங்கில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு கெடுபிடி பன்மடங்கானது. 2025 பிப்ரவரியில், தங்குவதற்குச் சட்டபூர்வ ஆவணம் இல்லாத வெளிநாட்டவருக்கான 'கட்டுப்படுத்தப்பட்டோர் பட்டியல்' வந்தது. அதில் பெயர் ஏறினால் வங்கிக் கணக்கு முதல் திருமணப் பதிவு வரை தடைபடும். விதி இவ்வளவு வேகமாக மாறும்போது அதைப் புரியவைக்கவே ஒரு தரகர் தேவைப்படுகிறார்.

சீட்டும், இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்ப வாட்ஸ்அப்பில் ஒரே இரவில் திரட்டும் நிதியும் நல்ல வலைப்பின்னல்கள். அவற்றைத் தொடக் கூடாது.

மேடம், இப்படிப்பட்ட சமூகத்தில் களஆய்வுக்குப் போனால் எப்படித் தொடங்குவது?

ஆவணம் பற்றி முதல் சந்திப்பில் கேட்காதீர்கள். 'கடைசியாக உடம்பு சரியில்லாதபோது முதலில் யாருக்கு போன் செய்தீர்கள்? கடைசியாகக் கடன் வாங்கியது யாரிடம்?' என்று நடந்த ஒன்றைக் கேளுங்கள். 'யாரை நம்புகிறீர்கள்' என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் கடவுளையும் அம்மாவையும் சொல்வார்கள். ஒரே ஆள் வழியாக உள்ளே போகாதீர்கள். மேஸ்திரி அறிமுகப்படுத்திய பத்துப் பேரும் மேஸ்திரி நல்லவர் என்றுதான் சொல்வார்கள். பள்ளி வாசல், மருத்துவமனை, தொழுகை இடம் என்று மூன்று வாசல்களாவது வேண்டும். குறிப்பேட்டில் பெயர், பாஸ்போர்ட் எண், முகவரி எதையும் எழுதாதீர்கள். அந்தக் குறிப்பேடு போலீஸ் கைக்குப் போனால் நாடு கடத்தப்படுவது நீங்கள் அல்ல.