லடாக்குக்கு வாடகை வண்டி: முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள்

கேள்வி: நானும் என் கணவரும் செப்டம்பரில் 12 நாள் லடாக் போகிறோம். டெல்லியில் வாடகைக் கார் எடுத்து நாங்களே ஓட்டிக்கொண்டு மணாலி, லே, நூப்ரா மணல்மேடு, பாங்கோங் ஏரி எல்லாம் பார்த்துவிட்டு கார்கில், ஸ்ரீநகர் வழியாகத் திரும்புவதாகத் திட்டம். செல்ஃப் டிரைவ் கம்பெனியில் நாளுக்கு 4,500 ரூபாய் சொல்கிறார்கள். இணையத்தில் அறிமுகமான ஒருவர் தன் சொந்த எஸ்.யூ.வி.யை 2,800 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். "செக்போஸ்ட்டில் கேட்டால் நண்பர் வண்டி என்று சொல்லுங்கள்" என்றும் சொன்னார். 20,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். எடுக்கலாமா? (கோவை வாசகி)

பதில்: எடுக்காதீர்கள். 12 நாளில் 20,400 ரூபாய் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். ஆனால் "நண்பர் வண்டி என்று சொல்லுங்கள்" என்ற அந்த ஒரு வரியே அவர் தருவது எந்த மாதிரி வண்டி என்பதைச் சொல்லிவிட்டது. அது ஓன் போர்டு வண்டி, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிவானது, வெள்ளைப் பலகை. அதை வாடகைக்கு விட அவருக்கு அனுமதி கிடையாது. டிரைவர் வைத்து ஓட்டும் டாக்சிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. நீங்களே ஓட்டும் செல்ஃப் டிரைவ் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. பலகையைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதியை அரசின் எம்-பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். வண்டி எந்த வகையில் பதிவாகியிருக்கிறது, இன்சூரன்ஸ் எதுவரை என்று வந்துவிடும்.

போலீஸ் அபராதத்தை விட எனக்குப் பெரிய கவலை இன்சூரன்ஸ்தான். சொந்த உபயோகத்துக்கான கார் பாலிசியில் வண்டியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு பகுதி இருக்கும். வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டினால் காப்பீடு கிடையாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். பாறை சரிந்து பானெட் நசுங்கினால் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம், அப்புறம் மொத்தச் செலவுக்கும் உரிமையாளர் உங்களிடம்தான் வருவார். நண்பர் வண்டி என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்றால், அது பொய் வாக்குமூலம். முன்பணத்தை ஜிபேயில் அனுப்பிய பதிவு உங்கள் போனிலேயே இருக்கும். யாராவது அடிபட்டால் விஷயம் கோர்ட் வரை போகும். நஷ்டஈட்டை இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கும்படி தீர்ப்பு வருவதுண்டு. அந்தப் பணத்துக்கு அவர் யாரைத் துரத்துவார் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, அப்படியானால் 4,500 ரூபாய் கம்பெனி வண்டியை எடுத்துவிடலாமா? அதற்கும் அவசரப்படாதீர்கள். வெளியூரில் வாடகைக்கு எடுத்த வண்டியில் லே வரை போகலாம். அங்கிருந்து நூப்ராவுக்கும் பாங்கோங்குக்கும் அதை எடுத்துப் போக உள்ளூர் டாக்சி யூனியன்கள் விடுவதில்லை. வழியில் நிறுத்திக் கேட்பார்கள், திருப்பி அனுப்புவார்கள். அந்த ஊரில் சுற்றுலா சீசன் சில மாதங்கள்தான், டாக்சிதான் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்பதே என் எண்ணம். ஆனால் இந்த விஷயத்தை டெல்லியில் வண்டி தருகிறவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

உங்கள் 12 நாளைப் பிரித்துப் பார்த்தேன். லேயில் உடம்பு பழக 2 நாள், நூப்ரா பாங்கோங் சுற்ற 3 நாள். இந்த 5 நாளும் கம்பெனி வண்டி ஹோட்டல் வாசலில் சும்மா நிற்கும். அதற்கு வாடகை மட்டும் 22,500 ரூபாய். அதற்கு மேல் யூனியன் டாக்சிக்கும் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்வதை விட மணாலி வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து லேவுக்கு டிரைவரோடு டாக்சி பேசிக்கொள்ளுங்கள். லேயில் யூனியன் டாக்சி. அதற்கு இடவாரியாக அச்சிட்ட கட்டணப் பட்டியல் உண்டு, அதைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். திரும்பும்போது ஸ்ரீநகர் வரை டாக்சி, அங்கிருந்து விமானம்.

டிரைவரோடு போனால் இன்னொரு லாபமும் உண்டு. சில வருடங்களுக்கு முன் நானும் மனைவியும் மணாலியிலிருந்து அப்படித்தான் போனோம். ஜிங்ஜிங்பாருக்குப் பக்கத்தில் ரோட்டை அறுத்துக்கொண்டு ஓர் ஓடை. பிற்பகல் வெயிலில் பனி உருகி, காலையில் கணுக்கால் அளவு இருந்திருக்கக்கூடிய தண்ணீர் முழங்கால் வரை ஏறியிருந்தது. டிரைவர் உடனே வண்டியை விடவில்லை. பேன்ட்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, கல் எங்கே உருள்கிறது என்று காலால் தடவிப் பார்த்தார். பிறகு கரையேறி, எதிரே வந்த லாரி கடக்கும் வரை காத்திருந்தார். அதன் சக்கரம் போன தடத்திலேயே எங்கள் வண்டியையும் விட்டார். இந்த அனுபவம் நமக்குக் கூகுள் மேப்பில் கிடைக்காது.

அந்த ஓடை நடுவில் இன்ஜின் நின்றுவிட்டால் நாம் என்ன செய்வோம்? பதறிப்போய்த் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் போடுவோம். தண்ணீர் சிலிண்டருக்குள் போய் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் இந்தச் சேதம் சேராது. இன்ஜின் ப்ரொடெக்ட் என்று தனியாக ஒரு சேர்க்கை எடுத்திருக்க வேண்டும். அது எடுத்திருந்தாலும் நின்ற வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுப்பதுதான் சரி.

நாங்களே ஓட்டித்தான் தீருவோம் என்றால் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டியை யோசியுங்கள். சிம்லாவிலிருந்து கின்னோர் வழியாக ஏறி, தாபோ, காசா பார்த்து, குன்சம் கணவாய் தாண்டி மணாலியில் இறங்கலாம். அதுவும் மலையும் குளிர்ப் பாலைவனமும்தான். கி.பி. 996-ல் கட்டிய தாபோ மடம் மட்டும் போதும், போனதற்கு. லே யூனியனின் கட்டுப்பாடு அங்கே இல்லை. ஆனாலும் இந்த வழியில் வண்டியை ஓட்ட அனுமதி உண்டா என்று கம்பெனியிடம் மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலிலேயே வாங்குங்கள். போனில் "அதெல்லாம் போகலாம் சார்" என்று சொல்வது எதற்கும் உதவாது. 24 மணி நேர சாலை உதவி என்று விளம்பரம் செய்தால், காசாவுக்கு ஆள் வருவாரா, எத்தனை கிலோமீட்டர் வரை இழுத்துப் போவார்கள் என்றும் கேளுங்கள்.

வண்டியைக் கையில் வாங்கும்போது வீடியோ எடுங்கள். கதவையும் பம்பரையும் எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள், டயரை விட்டுவிடுகிறார்கள். ஒரு முறை என் டெபாசிட்டில் 6,000 ரூபாய் பிடித்தார்கள். டயரின் உள்பக்கச் சுவரில் ஒரு வெட்டு. அது முன்பே இருந்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஆனால் காட்டப் படம் இல்லை. அதனால் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்து முன் டயர்களின் உள்பக்கம், பின் டயர்கள், ஸ்டெப்னி, ஜாக்கி, அடிப்பாகம், பெட்ரோல் முள், கிலோமீட்டர் எண் எல்லாவற்றையும் எடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் இதே வரிசையில் இன்னொரு வீடியோ. ஜீரோ டெப், அதாவது பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத சேர்க்கை, பாலிசியில் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். அது இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் கிடைக்கும். பம்பர் என்பது முழுக்கப் பிளாஸ்டிக்.

கேள்வி: லேவுக்கு நேராக விமானத்தில் போகிறோம். ஆன்லைனில் 10 லிட்டர் ஆக்சிஜன் கேன் விற்கிறார்கள். ஆளுக்கு இரண்டு வாங்கவா? (மதுரை வாசகர்)

பதில்: வேண்டாம். 10 லிட்டர் என்பது வாயுவின் அளவு. நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று வைத்தால் 5 நிமிடத்தில் தீர்ந்துபோகும். விமானத்தில் அதைக் கொண்டுபோகவும் விட மாட்டார்கள். லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காசு செலவழிக்க வேண்டியது ஓய்வுக்குத்தான். முதல் இரண்டு நாள் எங்கும் போகாமல் படுத்திருக்க, கூடுதலாக இரண்டு நாள் அறை வாடகை கொடுங்கள். கிளம்புமுன் உங்கள் டாக்டரிடம் உயரத்தால் வரும் உபாதைக்கு மாத்திரை தேவையா என்று கேளுங்கள், ரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் கட்டாயம் கேளுங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனால், படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், கேனைத் தேடாமல் லேயில் உள்ள சோனம் நோர்பு நினைவு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று, உங்கள் சிம் ப்ரீபெய்டா? நம் ஊர் ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் எடுக்காது. போஸ்ட்பெய்ட் மட்டும்தான். யு.பி.ஐ. நம்பிக் கையில் பணமில்லாமல் போனால் டீக்குக்கூடத் திண்டாட வேண்டியிருக்கும்.

கேள்வி: போன வருடம் லடாக் டூர் பேக்கேஜில் பாங்கோங்கில் ஓர் இரவு தங்கல் என்று பணம் வாங்கிக்கொண்டு, பகலில் கூட்டிப்போய்ப் பகலிலேயே திரும்பிவிட்டார்கள். கம்பெனி டெல்லியில் இருக்கிறது. அங்கே போய் வழக்கு நடத்த முடியுமா என்று விட்டுவிட்டோம். (திருநெல்வேலி தம்பதி)

பதில்: டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கிற ஊரிலேயே, அதாவது திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், அப்புறம் புகார். பயணத் திட்டம் வந்த மெயில், பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு மூன்றையும் இப்போதே பிரின்ட் எடுத்து வையுங்கள். பாங்கோங்கில் நீங்கள் எடுத்த படங்களின் தேதியும் நேரமும் போனில் பதிவாகியிருக்கும். அன்று இரவு லே ஹோட்டலில் தங்கிய பில் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.