கே.எல்.சி.சி. வேலைக்குச் செந்தூலா, கிள்ளானா?

சகோதரி, கணவருக்கு வேலை கோலாலம்பூர் நகர மையமான கே.எல்.சி.சி.யில், மகளுக்கு அடுத்த ஆண்டு முதலாம் வகுப்பு, வாடகை வீடு செந்தூலில் எடுப்பதா கிள்ளானிலா என்று கேட்கிறீர்கள். என் ஓட்டு செந்தூலுக்கே. கிள்ளானில் வாடகை குறைவுதான், தரை வீடும் கிடைக்கும். ஆனால் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் நிலையம் வரவே ஏறக்குறைய ஒரு மணி நேரம், அப்புறம் எல்.ஆர்.டி. என்ற நகர ரயிலுக்கு மாறணும். ஒரு ரயிலை விட்டால் நின்று காய வேண்டியதுதான். செந்தூலில் எல்.ஆர்.டி. ஏறினால், மஸ்ஜிட் ஜாமேக்கில் மாறி மூன்றாவது நிறுத்தம் கே.எல்.சி.சி. குடிமக்களுக்கான 50 வெள்ளி (ரிங்கிட்) மாதப் பாஸ் இதற்குப் போதும். கொமுட்டருக்கு அது செல்லாது.

வீடு பார்க்கச் சாயங்கால மழையில் போங்கள், நிலையத்திலிருந்து பிள்ளையோடு நடந்து பாருங்கள். ஏஜெண்டு சொல்லும் "அஞ்சு நிமிஷம்" கார் கணக்கு! வைப்புத்தொகை பெரும்பாலும் இரண்டரை மாத வாடகை, முதல் மாத வாடகை தனி.