மூச்சை முழுவதும் வெளியேற்ற முடியுமா?

கேள்வி: எவ்வளவு பலமாக ஊதினாலும் நுரையீரலில் சிறிது காற்று தங்கிவிடும் என்கிறார்களே, அதை ஏன் வெளியேற்ற முடிவதில்லை? உள்ளேயே கிடந்தால் அது கெட்டுப்போகாதா?

பதில்: இயல்பான ஒரு மூச்சில் நாம் இழுத்து விடுவது ஏறக்குறைய 500 மில்லிலிட்டர் காற்றுதான். அப்படி விட்டு முடித்த பிறகும் வளர்ந்த ஒருவரின் நுரையீரலில் இரண்டு லிட்டருக்கும் மேல் காற்று இருக்கும். அதில் ஏறத்தாழப் பாதியை முயன்று ஊதி வெளியேற்றலாம்; எஞ்சிய சுமார் 1,200 மில்லிலிட்டர், என்ன செய்தாலும் வெளியே வராது.

நுரையீரல் எப்போதும் சுருங்கவே முனைகிறது. ஆனால் அதை ஒட்டியிருக்கும் மார்புக்கூடு ஓரளவுக்கு மேல் உள்நோக்கி வளைவதில்லை என்பதால், வயிற்றுத் தசைகளும் விலா எலும்புகளுக்கு இடையேயுள்ள தசைகளும் எவ்வளவு அழுத்தினாலும் அந்த எல்லையில் நின்றுவிடுகின்றன. இளம் வயதினருக்கு இதுவே முதன்மையான காரணம். வயதானவர்களிடம் இன்னொன்று முந்திக்கொள்கிறது: குருத்தெலும்பின் தாங்கல் இல்லாத மிக நுண்ணிய மூச்சுக்குழல்கள், பலமாக ஊதும்போது ஏற்படும் அழுத்தத்தில் தாமே மூடிக்கொண்டு, பின்னாலுள்ள நுண்ணறைகள் எனப்படும் சின்னஞ்சிறு காற்றுப்பைகளின் காற்றைச் சிறைப்படுத்திவிடுகின்றன. நீண்டகாலப் புகைப்பழக்கத்தால் நுண்ணறைகளின் சுவர்கள் சிதைந்தவர்களுக்கு இவ்வாறு சிக்கும் காற்று மிக அதிகம். அவர்களுக்கு மூச்சை இழுப்பதைவிட விடுவதே பெரும்பாடு.

கெட்டுப்போகுமா என்றால், இல்லை. ஒவ்வொரு மூச்சிலும் புதிய காற்று அதனுடன் கலந்துகொண்டே இருக்கிறது. உண்மையில் அது பயனுள்ள இருப்பு. நாம் மூச்சை விடும் நேரத்திலும் இரத்தம் நுரையீரல் வழியே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அப்போது நுண்ணறைகள் வெறுமையாகிவிட்டால், இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும். மேலும், முற்றிலும் ஒட்டிக்கொண்ட நுண்ணறையை மீண்டும் விரிப்பது, பாதி விரிந்த ஒன்றை விரிப்பதைவிட மிகக் கடினம். பிறந்த குழந்தையின் முதல் மூச்சுக்கு அத்தனை விசை தேவைப்படுவதும், நுண்ணறைகள் ஒட்டாமல் காக்கும் வழவழப்பான பொருள் போதிய அளவு சுரக்காத குறைமாதக் குழந்தைகள் மூச்சுவிடத் திணறுவதும் இதனால்தான்.

வெளியே வராத காற்றை ஊதிப் பார்க்கும் கருவியால் அளக்க இயலாது. எனவே, இரத்தத்தில் எளிதில் கரையாத ஹீலியத்தைத் தெரிந்த அளவில் சுவாசிக்கச் செய்து, அது நுரையீரலிலுள்ள காற்றுடன் கலந்து எவ்வளவு நீர்த்திருக்கிறது என்பதைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். இங்கிலாந்து அறிவியலாளர் ஹம்ப்ரி டேவி இதே உத்தியை ஹைட்ரஜனைக் கொண்டு தம் நுரையீரலிலேயே சோதித்து, முடிவை 1800-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டார்.