மலையகத்தில் இருந்துகொண்டு, புரதப் பொடி வாங்காமல் தசையை வளர்க்க முடியுமா?

தம்பி, உங்கள் கேள்வியின் சாரம் இது: வயது 22, நிறை 54 கிலோ, ஹட்டனில் ஒரு கடையில் வேலை, வேலை முடிந்ததும் கிழமைக்கு நான்கு நாட்கள் ஜிம். அங்குள்ள பயிற்றுநர் வே புரோட்டீன் என்ற புரதப் பொடி டப்பா ஒன்றும், மாஸ் கெயினர் என்ற நிறை கூட்டும் பொடி டப்பா ஒன்றும் வாங்காவிட்டால் உடம்பு ஏறாது என்கிறார், இரண்டையும் வாங்கினால் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடும், வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். அந்தக் காசில் ஒரு பங்கை முட்டைக்கும் பருப்புக்கும் சோயா மீட்டுக்கும் செலவழித்தாலே உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும். நான் பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் வளர்ந்தவன். பல வருடங்களாக எடைப்பயிற்சி செய்து வருகிறேன். மாலை நேரங்களில் எங்கள் பகுதி இளைஞர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். பயிற்சியைச் சரியாகச் செய்தும் உடம்பு ஏறவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதுதான். அநேகமாக எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்தான் வரும்: எழுந்தவுடன் சீனி போட்ட பிளேன்டீ, இரண்டு பிஸ்கட், வேலைக்குப் புறப்படும்போது கோதுமை மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். வயிறு நிறைந்துவிடும், ஆனால் அந்த நேரச் சாப்பாட்டில் புரதம் பத்துப் பன்னிரண்டு கிராமைத் தாண்டாது. மதியத்துக்குச் சோறும் ஒரு மரக்கறியும் கொஞ்சம் பருப்பும் என்று ஆகிவிட்டால், அன்றைய புரதம் முழுவதையும் இரவுச் சாப்பாடு ஒன்றே சுமக்க வேண்டியிருக்கும். உங்கள் உடம்பு ஏறாததற்கும் காரணம் இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

எவ்வளவு புரதம் வேண்டும் என்பதற்குத் தெளிவான கணக்கு இருக்கிறது. எடைப்பயிற்சி செய்வோரை வைத்து நடத்தப்பட்ட 49 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த பகுப்பாய்வு ஒன்று 2018ஆம் ஆண்டில் பிரித்தானிய விளையாட்டு மருத்துவ ஆய்விதழில் வெளிவந்தது. உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் வரையில் புரதத்தைக் கூட்டும்போது தசை வளர்ச்சியும் கூடுகிறது என்றும், அதற்கு மேல் கூட்டுவதால் சராசரியாகப் பெரிய பயன் தெரியவில்லை என்றும் அது காட்டியது. ஆளுக்காள் வேறுபாடு உண்டு என்பதால் சிலர் 2.2 கிராம் வரை போகிறார்கள். உங்கள் 54 கிலோவுக்கு 1.6 என்று வைத்தால் 86 கிராம் வருகிறது. நாளுக்கு 90 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிம்களில் பேசப்படும் 150, 200 கிராம் எல்லாம் உங்களைப் போல இரண்டு மடங்கு உடம்பு உள்ளவர்களுக்கான பேச்சு.

இந்த 90 கிராமை நம்மூர்ச் சாப்பாட்டில் இருந்தே எடுக்கலாம். காலையில் அதே இரண்டு ரொட்டியைச் சாப்பிடுங்கள். அதில் ஏறத்தாழ 10 கிராம் இருக்கிறது. சம்பலோடு நிறுத்தாமல், கெட்டியாக வைத்த மைசூர்ப் பருப்புக் கறி ஒரு கிண்ணம் சேர்த்தால் இன்னும் 10 கிராம். அவித்த முட்டை இரண்டு சேர்த்தால் 12 கிராம். காலையிலேயே 30 கிராமைத் தாண்டிவிட்டீர்கள். மதியச் சோற்றில் 10 கிராம் வரும்; அதற்குச் சோயா மீட் கறியோ நெத்தலிக் கருவாட்டுப் பிரட்டலோ சேர்த்தால் 25 ஆகும். காய்ந்த சோயா மீட்டின் நிறையில் பாதி புரதம் என்பதையும், காய்ந்த நெத்தலியில் அதைவிடவும் கூடுதலாக இருக்கும் என்பதையும் பலர் அறிவதில்லை. கருவாட்டை மட்டும் சுடுநீரில் ஊறவைத்துக் கழுவி, உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்து வந்ததும் அவித்த கடலை ஒரு கோப்பையும் ஒரு கிளாஸ் பாலும் எடுத்தால் 17 கிராம். இரவில் ரொட்டியோ சோறோ, அதனுடன் கோழியோ டின் மீனோ உள்ளங்கை அளவு எடுத்தால் 25 முதல் 30 கிராம் கிடைக்கும். வெள்ளிக்கிழமையோ விரத நாளோ என்றால் மீன் இறைச்சியின் இடத்தில் கௌபி, பயறு, சோயா, தயிர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். புரதத்தைக் கட்டும் சிறு கூறுகளை அமினோ அமிலங்கள் என்பார்கள். சோற்றின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பிலோ அது தாராளம். பருப்பில் குறைவான மெதியோனின் என்ற மற்றொரு அமினோ அமிலம் சோற்றில் இருக்கிறது. நம் வீடுகளில் சோறும் பருப்பும் சேர்ந்தே தட்டில் விழுவதால், மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவரும் இந்த விடயத்தில் கவலைப்படத் தேவையில்லை. பருப்பின் அளவை மட்டும் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். சோற்றுக் குவியலின் ஓரத்தில் ஊற்றிய தண்ணீர்ப் பருப்பு இந்தக் கணக்கில் சேராது.

சோயா சாப்பிட்டால் ஆண்மை குறையும் என்ற பயம் நம் இளைஞர்களிடம் பரவலாக இருக்கிறது. ஆண்களை வைத்து நடத்தப்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த பகுப்பாய்வுகள் 2010இலும் 2021இலும் வெளிவந்தன. சாதாரண அளவில் சோயா உண்பதால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹோர்மோன் குறைவதாக அவை இரண்டும் காணவில்லை. இதைப் போன்றதே பச்சை முட்டை உடைத்துக் குடிக்கும் வழக்கமும். வேகவைத்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதமளவு உடலில் சேரும்போது, பச்சை முட்டையில் பாதிதான் சேர்கிறது. சல்மொனெல்லாக் கிருமியின் ஆபத்து வேறு. மஞ்சள் கருவைத் தூக்கி எறிவதும் வேண்டாம். இலினோய் பல்கலைக்கழகத்தில் நடந்து 2017இல் வெளியான ஆய்வொன்றில், ஒரே அளவு புரதத்தை வெள்ளைக் கருவாக மட்டும் உண்டவர்களைவிட முழு முட்டையாக உண்டவர்களின் தசையில் பயிற்சிக்குப் பின் புரத உருவாக்கம் கூடுதலாக இருந்தது.

அடுத்தது தேநீர். நம் மலையில் இதைப் பேசாமல் உணவைப் பேச முடியாது. தேயிலையில் உள்ள பொலிபீனோல்கள் பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு, உடம்பு அதை உறிஞ்ச விடாமல் தடுக்கின்றன. இரும்புச் சத்து குறைந்தவர் சீக்கிரம் களைத்துப்போவார். அவரால் பயிற்சியில் பாரத்தைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. தேநீரை நிறுத்தச் சொல்லவில்லை; சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ குடியுங்கள். கீரைச் சுண்டலில் தேசிக்காய் பிழிந்து சாப்பிடுங்கள், அதன் விற்றமின் சி இரும்பு உறிஞ்சப்படுவதற்கு உதவும். இதைவிடப் பெரிய சேதம் ஒன்றும் இருக்கிறது: பசி எடுக்கும்போதெல்லாம் சீனி போட்ட தேநீரைக் குடித்துப் பசியை அடக்கிவிடும் பழக்கம். வறுமை நம் பெற்றோருக்குப் பழக்கிவிட்ட வழி அது. உடம்பை ஏற்ற நினைப்பவர் அந்தப் பசியைச் சாப்பாட்டால்தான் தீர்க்க வேண்டும்.

ஏனென்றால் புரதம் மட்டும் போதாது. செலவழிவதைவிடக் கூடுதலாகச் சக்தி உள்ளே போக வேண்டும். உங்கள் ஊரில் பேருந்துத் தரிப்பிடத்திலிருந்து வீட்டுக்குப் போவதே ஒரு மலையேற்றம். கடையில் நாள் முழுவதும் நின்றபடி வேலை. சமதரையில் நாற்காலி வேலை பார்ப்பவருக்கு எழுதிய உணவுப் பட்டியல் உங்களுக்குப் பொருந்தாது. இப்போது சாப்பிடுவதற்கு மேல் நாளொன்றுக்கு 300 முதல் 500 கிலோகலோரி வரை கூட்டுங்கள். மாஸ் கெயினர் செய்வதும் இதைத்தான். அந்த டப்பாக்களின் பின்பக்கத்தைப் படித்தால், பெரும்பாலானவற்றில் முதல் பொருளாக மோல்டோடெக்ஸ்ட்ரின் இருக்கும். அது சோளம் போன்றவற்றின் மாப்பொருளை உடைத்துச் செய்யும் மலிவான காபோவைதரேற்று. அதற்கு அவ்வளவு காசு கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு கிளாஸ் பால், இரண்டு மேசைக்கரண்டி பால்மா, ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வறுத்த கச்சான் ஆகியவற்றை அரைத்துக் குடித்தால் ஏறத்தாழ 500 கிலோகலோரியும் 20 கிராம் புரதமும் கிடைக்கும். அவகாடோ மலிவாகக் கிடைக்கும் பருவத்தில் பாதிப் பழத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். பால் குடித்தால் வயிறு ஊதுகிறவர் தயிரையோ யோகட்டையோ பயன்படுத்தட்டும். அவற்றில் லக்டோஸ் என்ற பாற்சீனி குறைவு.

வே புரோட்டீன் கெட்ட பொருளல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாற்கட்டி செய்யும்போது பிரியும் நீரிலிருந்து எடுக்கப்படும் பாற்புரதம்தான் அது. ஓர் அளவைக் கரண்டியில் 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கும், எளிதில் செரிக்கும், சமைக்கத் தேவையில்லை. காலையில் சமைக்க வழியே இல்லாதவருக்கு அது வசதி. ஆனால் அது வசதிக்குக் கொடுக்கும் விலை. தசை வளர்வதற்கான நிபந்தனை அல்ல. வாங்குவதற்கு முன் டப்பாவின் விலையை அதிலுள்ள மொத்தப் புரதக் கிராமால் வகுத்துப் பாருங்கள். அதே கணக்கை முட்டைக்கும் சோயா மீட்டுக்கும் போட்டுப் பாருங்கள், முடிவு உங்களுக்கே தெரியும். பொலித்தீன் பையில் நிறுத்துத் தரும் தூளை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்காதீர்கள். உள்ளே இருப்பது என்னவென்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். டப்பாவிலும் கிளைசின், டோரின் போன்ற மலிவான அமினோ அமிலங்கள் தனியே சேர்க்கப்பட்டிருந்தால் தவிருங்கள். நைதரசனை அளந்து புரதத்தைக் கணக்கிடும் சோதனையில் இவையும் புரதமாகக் கணக்காகிவிடும். பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் குடிக்காவிட்டால் எல்லாம் வீண் என்பதும் சரியல்ல. பயிற்சிக்குப் பின் ஒரு நாளுக்கு மேலாகத் தசை புரதத்தை ஏற்கும் நிலையிலேயே இருக்கிறது. பி.சி.ஏ.ஏ. என்று மூன்று அமினோ அமிலங்களை மட்டும் தனியாக விற்பதை, போதிய புரதம் உண்பவர் வாங்கத் தேவையே இல்லை.

கையில் கொஞ்சம் காசு மிஞ்சுமானால், நான் பரிந்துரைக்கும் ஒரே துணைப் பொருள் கிரியேட்டின் மொனோஹைட்ரேட். இறைச்சியிலும் மீனிலும் இயற்கையாகவே இருக்கும் இந்தப் பொருளைப் போல நீண்ட காலமாக ஆராயப்பட்ட துணைப் பொருட்கள் மிகக் குறைவு. கனமான பாரத்தைத் தூக்கும் சில விநாடிகளில் தசைக்கு வேண்டிய சக்தியை விரைவாக மீட்டுக் கொடுப்பதால், கூடுதலாக ஓரிரு தடவை தூக்க முடிகிறது. அந்தக் கூடுதல் உழைப்பே காலப்போக்கில் தசையாகிறது. நாளுக்கு 3 முதல் 5 கிராம், எந்த நேரத்திலும், தண்ணீரில் கலந்து குடித்தால் போதும். முதல் கிழமைகளில் ஏறும் ஒன்றிரண்டு கிலோ தசைக்குள் சேர்ந்த நீர், அதைத் தசை என்று எண்ணிவிடாதீர்கள். மீன் இறைச்சி சாப்பிடாதவருக்கு இதன் பயன் கூடுதலாகத் தெரியலாம்.

ஆரோக்கியமான சிறுநீரகத்தை இந்த அளவுப் புரதமோ கிரியேட்டினோ கெடுப்பதாகச் சான்று இல்லை. ஆனால் ஊவாவில் கிராந்துருகோட்டைப் பக்கம் சிறுநீரக நோய் எத்தனை குடும்பங்களைப் பாதித்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரக நோயோ நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இருந்தால், தொடங்குமுன் அரச வைத்தியசாலையில் வைத்தியரைக் கண்டு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கிரியேட்டின் எடுப்பதாக வைத்தியரிடம் சொல்லவும் மறக்காதீர்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அறிய இரத்தத்தில் அளக்கும் கிரியேட்டினின் என்ற கழிவுப் பொருளின் அளவை அது சற்று உயர்த்திக் காட்டும், சொல்லாவிட்டால் அவர் நோய் என்று நினைக்கக்கூடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் டப்பாவுக்கு அடுத்தபடியாக அதுதான் நீட்டப்படும். யாராவது ஊசியோ, மூன்று மாதத்தில் உடம்பை மாற்றும் என்று சொல்லிக் குளிசையோ கொடுத்தால் அந்த ஜிம்மை விட்டே விலகுங்கள். டயனபோல் போன்ற, தசையைச் செயற்கையாக ஏற்றும் ஸ்டீரொய்ட் குளிசைகள் ஈரலைத் தாக்கும்; ஸ்டீரொய்டுகள் இரத்தக் கொழுப்பைக் குழப்பி இதயத்தைக் கெடுக்கும்; உடம்பு தானே டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதை நிறுத்திவிடுவதால் விதை சுருங்கும், மார்பு பருக்கும், பிள்ளைப் பேறே கேள்விக்குறியாகலாம். 22 வயதில், இயற்கையாகவே தசை வேகமாக வளரும் பருவத்தில், இதற்கு எந்தத் தேவையும் இல்லை. போட்டிகளில் இறங்கும் எண்ணம் இருந்தால், இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையத்தின் சோதனைக்கும் உட்பட வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு கிழமையும் ஒரே நாளில், காலையில், வெறும் வயிற்றில் நிறை பாருங்கள். இடுப்பளவையும் குறித்து வையுங்கள். கிழமைக்கு கால் கிலோ அளவில் ஏறினால் சரியான வேகம். மூன்று நான்கு கிழமைகளாகத் தராசு அசையாவிட்டால் மதியத்துக்கு இன்னும் ஓர் அகப்பைச் சோறும், படுக்குமுன் அந்தப் பால் கலவையும் சேருங்கள். ஜிம்மில் தூக்கும் பாரம் கூடாமல் இடுப்பு மட்டும் கூடினால், கச்சானையும் தேங்காயையும் சீனியையும் கொஞ்சம் குறையுங்கள். பருப்பிலும் முட்டையிலும் கை வைக்காதீர்கள்.