கேள்வி-பதில்: ஊருக்குப் போகும் வெள்ளி

எங்கள் உணவகத்தில் வேலை செய்யும் புதுக்கோட்டைத் தம்பி, ‘கட்டணமே இல்லை’ என்று போர்டு வைத்த கடையில் மாதம் இரண்டு தடவை 500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) ஊருக்கு அனுப்புகிறார். இது லாபம்தானா?
– வாசகர், செந்தூல்

கட்டணம் இல்லை என்றால் ரேட்டில் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பொருள். கணக்குக்காக, சந்தையில் ஒரு வெள்ளிக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலவசக் கடை 19.40 தருகிறது. பக்கத்துக் கடை 12 வெள்ளி கட்டணம் வாங்கிக்கொண்டு 19.80 தருகிறது. 500 வெள்ளியைக் கொடுத்தால் இலவசக் கடையில் 9,700 ரூபாய், மற்றதில் 9,662. ஆக, இப்போதைக்கு அவர் செய்வது சரிதான். ஆனால் 1,000 வெள்ளியை ஒரே தடவையாக அனுப்பினால் இலவசக் கடையில் 19,400, கட்டணக் கடையில் 19,562. சம்பளம் வந்ததும் ஒரே தடவையாக அனுப்பச் சொல்லுங்கள். கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இந்த 1,000 வெள்ளிக்கு ஊரில் கையில் எத்தனை ரூபாய் கிடைக்கும்?”

அனுப்பும் செலவு 2030-க்குள் 3 விழுக்காட்டுக்குக் கீழே வர வேண்டும் என்பது ஐ.நா. வைத்த இலக்கு. உலக சராசரி இன்னும் 6 விழுக்காட்டுக்கு மேல்தான். மேலே சொன்ன இலவசக் கடையில் போவது சரியாக 3 விழுக்காடு.

உண்டியலில் (உரிமம் இல்லாமல் ஆள் மூலம் பணம் அனுப்பும் வழி) கொடுத்தால் ரேட்டும் அதிகம், ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கே பணம் போய்விடுகிறது. யாருக்கு என்ன நஷ்டம்?
– வாசகர், ஜார்ஜ் டவுன்

உண்டியலில் இங்கே கொடுத்த வெள்ளி இங்கேயே நின்றுவிடுகிறது. அங்கிருக்கும் கூட்டாளி உள்ளூர்ப் பணத்தை எடுத்துக் கொடுக்கிறார். குடும்பத்துக்குப் பணம் கிடைக்கும். நாட்டுக்குள் அந்நியச் செலாவணி நுழையாது. இதன் விளைவை இலங்கையில் பார்த்தோம். 2021-ல் அங்கே டாலர் விலையை 200 ரூபாயை ஒட்டிப் பிடித்து வைத்தார்கள்; வெளியே அதைவிட அதிகம் கிடைத்ததால் ஆட்கள் உண்டியல் பக்கம் போனார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் முறைப்படி அனுப்பிய பணம் 2020-ல் சுமார் 710 கோடி டாலர்; அந்த வரவு 2022-ல் 380 கோடிக்கு இறங்கியது. பெட்ரோலுக்கும் கேஸுக்கும் மக்கள் வரிசையில் நின்றதற்கு இது மட்டுமே காரணம் அல்ல. ஆனால் டாலர் இல்லாமல் கப்பலிலிருந்து சரக்கை இறக்க முடியாது. 2022 மார்ச்சில், பிடித்து வைத்திருந்த ரேட்டைச் சந்தை போக்கில் விட்டுவிட்டார்கள். 2023-ல் வரவு 600 கோடியை நெருங்கியது.

குடும்பத்துக்கும் ஆபத்து உண்டு. உங்கள் மனைவியின் கணக்கில் விழும் தொகை எவன் பணம் என்று உங்களுக்குத் தெரியாது. மோசடியில் வந்த பணமாக இருந்தால் அவருடைய கணக்கு முடக்கப்படும். ரசீது இல்லாததால் உங்களால் எதையும் நிரூபிக்க முடியாது. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் உள்ள கடையா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

இத்தனை பேர் இத்தனை வருடமாக அனுப்பியும் ஊர் ஏன் முன்னேறவில்லை?
– வாசகி, பட்டர்வொர்த்

முன்னேறவே இல்லை என்று சொல்ல முடியாது. 2023 கணக்கெடுப்பின்படி, வெளிநாட்டில் இருக்கும் சுமார் 22 லட்சம் கேரளத்தவர் அனுப்பியது 2.16 லட்சம் கோடி ரூபாய். பிள்ளைகள் படிப்பு, வைத்தியம், ஓட்டு வீடு போய் மாடி வீடு, எல்லாம் இதில் நடந்தவை. மனை விலை ஏறி, வெளிநாட்டில் ஆள் இல்லாத குடும்பம் ஒரு சென்ட் நிலம்கூட வாங்க முடியாமல் போனதும் இதில்தான்.

எங்கள் கவலை வேறு. முதல் வருடப் பணம் வீட்டுக்கே போவதில்லை. ஏஜெண்டுக்காக ஒன்றரை லட்சத்தை மூன்று வட்டிக்கு வாங்கி வந்தவருக்கு மாத வட்டி மட்டும் 4,500 ரூபாய். மாதம் 1,000 வெள்ளி, அதாவது 20,000 ரூபாய் அனுப்பினாலும் கால்வாசிக்குச் சற்றுக் குறைவாக வட்டிக்காரரிடம் போய்விடுகிறது, அசலில் ஒரு ரூபாய்கூட குறையாமல். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். ஊரிலிருந்து யாராவது கிளம்பினால் ஏஜெண்டின் பதிவு எண்ணைக் கேட்டு, இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. கடன் வாங்கிய பிறகு செய்து பயனில்லை.

பணம் திரும்பி வந்துவிட்டது. கணக்கு எண் சரியாகத்தான் இருக்கிறது.
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டை, அதாவது இந்தியாவில் பேங்க் கிளையைக் காட்டும் குறியீட்டைப் பாருங்கள். மொத்தம் 11 எழுத்து. ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அதை ‘ஓ’ என்று எழுதிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். அதுவும் சரி என்றால் பேங்க் மாறியிருக்கலாம்: லட்சுமி விலாஸ் 2020-ல் டி.பி.எஸ்.ஸுடனும், சிண்டிகேட் அதே வருடம் கனராவுடனும் சேர்ந்துவிட்டன. பழைய பாஸ்புக்கில் இருக்கும் குறியீடு இப்போது செல்லாது. புதிய காசோலையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குறியீடு அதிலேயே அச்சாகியிருக்கும்.