அரிசோனா பாலைவனத்தில் எந்த மாதம் எதைப் பார்க்கலாம்?

கேள்வி: ஃபீனிக்ஸ் பக்கம் சாண்ட்லரில் அபார்ட்மெண்டில் இருக்கிறோம். மதுரையிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்கப்போகிறார்கள். கள்ளியைத் தவிர இங்கே ஒன்றுமில்லை என்கிறார்கள் நண்பர்கள். எந்த மாதங்களில் வரச் சொல்லலாம்?

பதில்: பிப்ரவரி நடுவில் வந்து ஆகஸ்ட் நடுவில் திரும்புகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். கோடையிலா என்று பயப்படுவது நியாயம்தான், 2023இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. ஆனால் நாம் இருக்கும் இந்த சொனோரன் பாலைவனத்துக்கு மழை இரண்டு தடவை, குளிர்காலத்தில் நிதானமாக ஒன்று, ஜூலை வாக்கில் இடி மின்னலோடு இன்னொன்று. இங்குள்ள செடிகொடியும் பிராணிகளும் இந்த இரண்டையும் நம்பித்தான் இருக்கின்றன.

மார்ச்சில் பாப்பிப்பூ பார்க்கப் போகலாம் என்று எல்லோரும் கிளப்புவார்கள். முந்தைய அக்டோபர் தொடங்கி நல்ல மழை இல்லாவிட்டால் மலைச்சரிவு மொட்டையாகத்தான் இருக்கும், அதை நம்பி லீவு போடாதீர்கள். மஞ்சள் பூப் பூக்கும் பிரிட்டில்புஷ் புதர் அவ்வளவாக ஏமாற்றாது. அப்புறம் பாலோ வெர்டே மரம், பட்டையே பச்சையாக இருந்து இலை உதிர்ந்தபோதும் உணவு தயாரிக்கும், வசந்தத்தில் மரமே தெரியாமல் மஞ்சளாகப் பூக்கும்.

என்னைக் கேட்டால் தவறவிடக் கூடாதது மே மாதம். சவாரோ கள்ளியின் வெள்ளைப் பூ இரவில் விரிந்து மறுநாள் பிற்பகலுக்குள் மூடிக்கொள்ளும், அதனால் பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் வேலைக்கு ஆகாது, காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். வெண்சிறகுப் புறாவும் தேனீயும் மொய்த்துக்கொண்டிருக்கும். தெற்கே டூசான் பக்கம் என்றால் இரவில் வௌவாலும் தேன் குடிக்க வரும். தண்டில் இருக்கும் ஓட்டைகள் பெரும்பாலும் மரங்கொத்தி போட்டவை, அது காலி செய்ததும் ஆந்தை குடியேறும். சவாரோவில் கை மாதிரி நிற்கும் கிளை கிளம்பவே பெரும்பாலும் ஐம்பது, எழுபத்தைந்து வருடம் ஆகும் என்று அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். பெற்றோரால் அதிகம் நடக்க முடியாது என்றால் ஃபீனிக்ஸ் டெசர்ட் பொட்டானிக்கல் கார்டன் போதும், பாதை பெரும்பாலும் சமதளம்.

ஜூன் கடைசியில் சவாரோ பழுக்கும். டோஹோனோ ஓதம் பழங்குடியினர் நீளக் கம்பால் பழம் தட்டிப் பாகு காய்ச்சும் காலம் இது. மழை இறங்கியதும் கிரியோசோட் செடியின் வாசனை ஊரெல்லாம் வரும், மாதக்கணக்கில் மண்ணுக்குள் புதைந்திருந்த ஸ்பேட்ஃபுட் தவளைகள் வெளியே வந்து ஆடு மாதிரி கத்தும். குட்டை வற்றுவதற்குள் தலைப்பிரட்டை தவளையாகிவிட வேண்டும், சிலது இரண்டே வாரத்தில் ஆகிவிடும். இதைப் பார்க்கிறேன் என்று மழை நேரத்தில் வாஷுக்குள் (காய்ந்து கிடக்கும் ஓடை) மட்டும் இறங்காதீர்கள், வெள்ளம் சொல்லாமல் வரும்.

பையில் ஒரு சீப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஜம்பிங் சோயா (cholla) என்ற கள்ளியின் முள் துண்டு ஒட்டிக்கொண்டால் கையால் இழுக்காமல் சீப்பால் நெம்பி எடுக்கலாம். அம்மா காக்கைக்குச் சோறு வைக்கிற பழக்கத்தில் வாசலில் எதையாவது வைத்தால் நரி மாதிரி இருக்கும் கயோட்டியும் காட்டுப்பன்றி மாதிரி இருக்கும் ஹவேலினாவும் வந்து நிற்கும். மரிகோப்பா கவுன்டியில் காட்டு விலங்குக்குத் தீனி போடுவது குற்றம், பறவைக்கு விலக்கு உண்டு.

பறவைதான் வேண்டும் என்றால் பால்கனியில் சிவப்புப் பூப் பூக்கும் சுப்பரோசா (chuparosa) செடி ஒன்று தொட்டியில் வையுங்கள், வெயில் நன்றாகப் படட்டும். ஹம்மிங்பேர்ட் தானே தேடி வரும்.